ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நாற்காலி வேண்டும்

பெறுநர்: ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, நகராட்சி நிர்வாகத் துறை, உயர்கல்வித் துறைச் செயலர்கள், தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் சொல்லித்தருகிறேன். எங்கள் இளங்கலை மாணவர்கள் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் இன்டர்ன்ஷிப் போக வேண்டும், அதற்கு 2 கிரெடிட். அதை ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களில் செய்ய வழிவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கல்லூரி திறந்ததும் சான்றிதழ்கள் என் மேசைக்கு வரும். தெரிந்த அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டர், மாமாவுக்குப் பழக்கமான ஆடிட்டர் அலுவலகம், முத்திரை, கையெழுத்து. பிள்ளை அங்கே ஒரு நாள்கூடப் போயிருக்காது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நானும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

போன கோடையில் ஒரு மாணவி நிஜமாகவே போனாள், ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு. எந்த ஊர் என்பது வேண்டாம். கல்லூரிக் கடிதத்தோடு மூன்று முறை நடந்தாள். "மேலேயிருந்து ஆர்டர் இல்லையேம்மா" என்றுதான் பதில். நாலாவது முறை உட்காரச் சொன்னார்கள். நாலு வாரம் ஜெராக்ஸ் எடுத்தாள், பழைய கோப்புகளுக்குப் பக்க எண் போட்டாள். அந்த ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆர்டர் இல்லாமல் வந்து நிற்கும் பெண்ணிடம் எதை நம்பிக் கொடுப்பார்கள்? ஆனால் பக்க எண் போட்ட கோப்புகளை அவள் படித்தும் இருக்கிறாள். ஒரு தெருவிளக்கு மனு எங்கே ந.க. எண் (அலுவலகப் பதிவு எண்) வாங்கியது, யார் மேசையில் எத்தனை வாரம் கிடந்தது, என்ன குறிப்போடு திரும்பி வந்தது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினாள். உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்த 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களை நான் நடத்தும்போது தூங்குகிற பையன்கள் அன்று எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அரசிடம் திட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பட்டம் முடித்தவர்கள் அரசோடு வேலை செய்ய 2022இல் அறிவித்த முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் நல்ல திட்டம்தான்; முதல் முறை அதில் 30 பேருக்கு இடம் இருந்தது. மத்திய அரசு 2020 ஜூனில் தொடங்கிய 'டியூலிப்' இன்டர்ன்ஷிப் திட்டம் 25,000 பேரை இலக்காக வைத்தது. அதுவும் நகர உள்ளாட்சிகளில், பட்டப்படிப்பை முடித்தவர்களுக்கு. இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு இரண்டிலும் வழியில்லை. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். என் மாணவர்களில் பலருக்கு வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் ஊராட்சி அலுவலகம் இருக்கிறது. உள்ளே போனதில்லை.

போனால் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். கிராம சபை நாளில் வரவு செலவைப் படிவம் 30 என்று ஃபிளெக்ஸில் அச்சடித்துக் கட்டுகிறோம். அதை நின்று படிப்பவர் யார்? வரிக்கு வரி எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி, தெருத்தெருவாகப் போய் விளக்க ஊர்ப் பிள்ளையால் முடியும். கோடை என்பதால் தண்ணீரும் உண்டு. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தொட்டி ஆபரேட்டரோடு பத்து நாள் சுற்றினால் ஒரு வரைபடமே தயாராகிவிடும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதை அவர்களே வாசிக்கட்டும். 3,000 பேருக்கு மேல் 10,000 பேர் வரை இருக்கிற ஊரில் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்கள், 200 பேர். பேரப்பிள்ளை பேசுகிறான் என்றால் கூட்டம் சேர்க்கத் தனியாக ஆள் வேண்டாம்.

கேட்பது ஓர் அரசாணை. ஒன்றிய அலுவலகத்திலோ நகராட்சியிலோ இந்தப் பிள்ளைக்கு இவர் பொறுப்பு என்று ஒரு பதவியைக் குறித்துச் சொல்லுங்கள். காலிப் பணியிடத்துக்கு ஈடாக மாணவரை உட்கார வைக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதுங்கள். அலுவலக லாகின், பாஸ்வேர்டு எதுவும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. வேலை நெருக்கடியில் "நீயே ஏத்திடு கண்ணு" என்று தந்துவிடுவது நடக்கிற காரியம்தான்.

பணமும் வேண்டும். எங்கள் மாணவர்களுக்கு மே மாதம் விடுமுறை இல்லை, சம்பாதிக்கிற மாதம். கல்யாண மண்டபத்தில் பரிமாறுகிறார்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த பருவத்துத் தேர்வுக் கட்டணம். ஊக்கத்தொகை இல்லாமல் கூப்பிட்டால் வீட்டில் வசதி உள்ளவன் வருவான், மற்றவன் மறுபடியும் அண்ணன் கடைச் சான்றிதழோடு என் மேசைக்கு வருவான்.

ஏப்ரலுக்குள் ஆணை வந்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். அந்த மாணவி இப்போது மூன்றாம் ஆண்டு. போகிறவர்களுக்கு முதல் வகுப்பைத் தானே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ந.க. எண்ணிலிருந்து தொடங்குவாளாம்.

இப்படிக்கு,
அரசு கலைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்