வாடகை விமானமும் மேக்னெட்டோவும்: ஞாயிறு கூடுகை

மக்களே, ஞாயிறு மாலை 5 மணிக்கு நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவில் கூடுகிறோம். பேச்சு, வாடகை விமானத்தின் இன்ஜின் மீட்டர்களைப் பற்றி.

போன வாரம் நான் எடுத்த செஸ்னா 172எஸ் சிறு விமானத்தில், பறக்குமுன் 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்று) மேக்னெட்டோவைச் சோதித்தேன். பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி அது; இடது, வலது என இரண்டு உண்டு. இடதில் மட்டும் ஓட்டியபோது சுற்று 170 இறங்கியது. கையேட்டின் வரம்பு 150. "அது எப்பவும் அப்படித்தான், போங்க" என்றார் விமானத்தை வாடகைக்குத் தந்த கிளப்காரர். பிளக்கில் பெட்ரோலின் ஈயம் படிந்திருந்தால், மிக்சரில் (எரிபொருள்-காற்றுக் கலவை) எரிபொருளைக் குறைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டினால் சரியாகும். அதையும் பார்த்தேன், ஆகவில்லை. பறக்காமலே திரும்பி வந்து நிறுத்திவிட்டேன். வாடகைக் காசு போனதில் வயிறு எரிந்தது, சரி. குளச்சலில் வள்ளத்துக்காரர் இன்ஜின் சத்தம் மாறினாலே கரைக்குத் திருப்பிவிடுவாரே!

ஆயில் பிரஷர் விஷயம் தனி. பிரஷர் மட்டும் குறைந்து ஆயில் சூடு மாறாமல் இருந்தால் மீட்டர் கோளாறாகவும் இருக்கலாம். ஆனாலும் அருகிலுள்ள தளத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். சூடும் சேர்ந்து ஏறினால் இன்ஜின் நிற்கப்போகிறது என்றே எண்ணி, பவரைக் குறைத்து உடனே இறங்க இடம் பாருங்கள்.

வரும்போது உங்கள் மீட்டர் படங்களைக் கொண்டுவாருங்கள். இப்படி ஏதாவது பார்த்தும் லாக் புத்தகத்தில் எழுதாமல் விட்டவர்கள் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.