கடைமடைச் சபையின் நன்றி மடல்

அன்புடையீர்,

வானத்தையும் பூமியையும் படைத்த ஆண்டவரின் நாமத்தில், தரங்கம்பாடி வட்டாரத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றின் சபை மக்கள் உங்களுக்கு வணக்கம் கூறுகிறோம். கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடந்த எங்கள் சம்பா வயல்கள் இப்போது கதிர் முற்றி நிற்கின்றன. மாசியில் அறுப்பின் பண்டிகையைக் கொண்டாடுவதற்கு முன்பாக, அந்தப் பயிர் பிழைக்கக் காரணமான உங்கள் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் நன்றி சொல்லவேண்டும் என்று சபைக் கூட்டத்தில் முடிவு செய்தோம். உங்களில் பெரும்பாலோர் எங்கள் ஆலயத்துக்கு வருகிறவர்கள் அல்லர். ஆலயத்துக்குள் நாங்கள் ஏறெடுக்கும் ஸ்தோத்திரம் உங்கள் காதில் விழாது. ஆகவேதான் இம்மடல்.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மேலிருந்து வந்த வெள்ளமும் எங்கள் ஊரில் பெய்த மழையும் ஒன்றாகச் சேர்ந்த நேரத்தில், வடிகாலை வெங்காயத்தாமரை அடைத்திருந்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தது. சீற்றத்திலிருந்த கடலோ ஆற்று நீரை உள்வாங்கவில்லை. தூர் கட்டும் பருவத்திலிருந்த பயிர் ஒரு வாரத்துக்கும் மேலாக நீருக்கடியில் இருந்தது.

அந்த நாட்களில் தங்கள் படகுகளும் கரையில் கிடக்க, வருமானமின்றி இருந்த மீனவ கிராமத்தார், எவரும் கேட்காமலே மண்வெட்டிகளோடு வந்து, கடல் வற்றும் நேரம் பார்த்து முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டார்கள். இரவெல்லாம் ஷட்டரண்டையில் விழித்திருந்து, நீர்மட்டத்தைப் பார்த்துப் பார்த்து அடைத்தும் திறந்தும் காத்த மதகுக் காவலரான லஸ்கருக்கும், வெங்காயத்தாமரையை வாரிக் கரையேற்றிய பொக்லைன் ஓட்டுநருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பங்களுக்கு மாரியம்மன் கோயில் மண்டபம் திறந்துவிடப்பட்டது; பக்கத்து ஊர் ஜமாஅத்தார் அண்டா அண்டாவாகச் சோறு சமைத்து அனுப்பினார்கள். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து, நீர் வடிந்த பிறகே இடவேண்டும் என்று ஒவ்வொரு வரப்பிலும் நின்று சொல்லிச் சென்ற வேளாண்மைத் துறை அலுவலருக்கும் எங்கள் நன்றி.

நடவுப் பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பயிர் அழுகிப்போன இடங்களில், பிழைத்திருந்த குத்துகளைப் பிரித்தெடுத்து ஊடுநடவு செய்தவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. பயிர் பிழைத்தாலும் விளைச்சலில் அவர்களுக்குப் பங்கு இல்லை. தங்கள் குடிசைகளின் ஈரம் காய்வதற்கு முன்பே குளிர்ந்த சேற்று நீரில் இறங்கினார்கள். கூலியைப் பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். நிலமுடையவர்களாகிய நாங்கள் அவர்களுக்குச் சொல்லும் நன்றி வாயளவில் நின்றுவிடக்கூடாது என்பதில் சபை உறுதியாக இருக்கிறது.

எங்கள் வயல்களில் பெரும்பகுதி சி.ஆர். 1009 சப்-1 ரக நெல். வெள்ளம் சூழும்போது பெரும்பாலான நெற்பயிர்கள் மூச்சுக்குத் தவித்து உயர வளரப் பார்த்து, தம்மிடமுள்ள மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து மடிந்துபோகும். இந்த ரகமோ நீருக்கடியில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சேமிப்பைக் காத்து, ஏறக்குறைய இரண்டு வாரம்வரை தாங்கி, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கும். இந்தத் தன்மையைத் தரும் சப்-1 மரபணுவை அறிவியலாளர்கள் 2006-இல் அடையாளம் கண்டார்கள். அது ஒடிசாவின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பழைய நெல் ஒன்றிலிருந்து கிடைத்தது. முகம் அறியாத அந்த உழவர்களுக்கும், ஆய்வுக்கூடங்களில் உழைத்தவர்களுக்கும் எங்கள் வணக்கம். ஆயினும் ஒரு புல்லினத்துக்குள் இப்படியொரு பொறுமையை முதலில் வைத்தவர் படைப்பின் ஆண்டவர் என்று நாங்கள் விசுவாசிக்கிறோம். குடகு மலையிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்துவரும் காவிரியும், அவள் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலும், மழை ஓய்ந்தபின் நீடித்துக் காய்ந்த வெயிலும் அவர் கொடுத்தவையே.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் தமிழில் தந்த, கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை எங்கள் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆண்டவராகிய இயேசு கற்பித்த ஜெபத்தில் வரும், அன்றன்றுள்ள அப்பத்தை எங்களுக்கு இன்று தாரும் என்ற விண்ணப்பத்துக்கு அதில் தரப்படும் விளக்கத்தில், உணவு, உடை, வீடு, வயல், கால்நடை ஆகியவற்றோடு நல்ல பருவநிலையும் உண்மையுள்ள அயலாரும் இடம்பெறுகிறார்கள். பருவநிலை இவ்வாண்டு எங்களுக்கு வாய்க்கவில்லை, அயலார் வாய்த்தார்கள். நாம் கேட்காவிட்டாலும் கடவுள் எல்லா மனிதருக்கும், தீயோருக்குங்கூட, அன்றாட உணவைத் தருகிறார் என்றும், அதை உணர்ந்து நன்றியோடு பெற்றுக்கொள்ளவே ஜெபிக்கிறோம் என்றும் அதே விளக்கம் கூறுகிறது.

எங்களுக்குள் சிலர், ஆலயத்தில் உபவாசமிருந்து ஜெபித்ததால்தான் நம் வயல்கள் பிழைத்தன என்று எண்ணினார்கள். ஜெபத்தின் வல்லமையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று மூன்று சமயத்தார் வயல்களுக்கும் அங்கே வடிகால் ஒன்றுதான். முகத்துவாரம் திறந்ததும் எல்லா வயல்களிலிருந்தும் தண்ணீர் ஒன்றாகவே இறங்கியது. பிதாவானவர் நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் என்று ஆண்டவராகிய இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை அன்றைக்கு வரப்பில் நின்று கண்ணால் கண்டோம். உங்கள் அன்பை எங்கள் சமயத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள நாங்கள் இதைச் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் மனச்சாட்சியின்படி செய்தீர்கள். நாங்கள் எங்கள் விசுவாசத்தின்படி, உங்கள் கைகளின் வழியாக வந்தது தேவ இரக்கம் என்று அறிக்கையிடுகிறோம். இரண்டும் உண்மையாகவே இருக்கமுடியும்.

அறுப்பின் பண்டிகையன்று ஆராதனைக்குப் பின் ஆலய வளாகத்தில் புத்தரிசிச் சோற்றோடு விருந்து நடைபெறும். காய்கறி, வாழைத்தார், கோழி என்று காணிக்கையாக வருபவை வழக்கம்போல ஏலம் விடப்படும். அந்தத் தொகையில் பாதி நடவுப் பெண்களின் குடிசைகளைப் பழுதுபார்க்கவும், மீதி அடுத்த மழைக்கு முன் வடிகாலில் வெங்காயத்தாமரையை அகற்றவும் செலவிடப்படும். ஆராதனையில் பங்குபெறுவது உங்கள் விருப்பம். விருந்துக்கு நீங்கள் அனைவரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரவுப் பணியிலிருக்கும் லஸ்கருக்கு உணவு ஷட்டருக்கே கொண்டுவரப்படும்.

சபை மக்கள் சார்பில்,
சபைச் செயலாளர்