ஊசிக்குப் பயப்படாதே

கண்ணு,

போனில் நீ அழுதுகொண்டே பேசியதால் ஒன்றையும் உருப்படியாகச் சொல்ல முடியவில்லை, அதான் எழுதுகிறேன். கர்ப்பத்தில் உனக்கு வந்திருக்கும் சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று உன் அத்தை சொன்னாராம். நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனால் விஷயம் தலைகீழ். உன் ரத்தத்துச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகத் தாராளமாகப் பிள்ளைக்குப் போகும், நீ போட்டுக்கொள்ளும் இன்சுலின் போகாது. அப்படி வந்து குவிகிற சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து, மிஞ்சுவதைக் கொழுப்பாக்கி வயிற்றிலும் தோளிலும் சேர்த்துவிடும். நாலு கிலோ பிள்ளை என்றால் ஊரே கொண்டாடும். பிரசவ வார்டிலேயே காலத்தை ஓட்டிய எனக்குப் பக்கென்று இருக்கும், தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டால் என்ன பாடு என்று பார்த்தவளாச்சே.

பிறந்த பிறகும் இருக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் உன்னிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், ஆனால் அந்தக் கணையம் பழைய வேகத்திலேயே இன்சுலினை விட்டுக்கொண்டிருக்கும். பார்க்க ராஜா மாதிரி இருக்கிற பிள்ளைக்குக் கை கால் வெடவெடவென்று நடுங்கும், குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 40-க்குக் கீழே காட்டும். உடனே பால் கொடுப்போம், ஏறாவிட்டால் டிரிப்ஸ். சில பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலும் மஞ்சள் காமாலையும் வரும்.

ஊனம் வருமோ என்று கேட்டாயே, உறுப்புகள் உருவாவது முதல் இரண்டு மாதத்தில். அப்போது எடுத்த டெஸ்டில் உனக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது, இது ஆறாம் மாதத்தில் வந்தது. அதனால் அந்தப் பயம் வேண்டாம். நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் உன் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை, அதுதான் காரணம், நீ தின்ற மைசூர்பாகு இல்லை (அதற்காக இனிமேல் தின்னாதே).

சர்க்கரை வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் இருக்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்து, நடந்து பார்த்தும் உனக்கு இறங்கவில்லை, அப்புறம் ஊசி போடாமல் என்ன செய்வது? பட்டினி மட்டும் கிடக்காதே. ஊசி போட்ட பிறகு வியர்த்துப் படபடப்பு வந்தால் உடனே குளுக்கோஸ் கரைத்துக் குடி, பையில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். பிரசவமாகி ஆறு வாரத்தில் உனக்கு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும், பிள்ளை வந்த சந்தோஷத்தில் நிறையப் பேர் அதை விட்டுவிடுவார்கள்.

அடுத்த ஸ்கேனில் பனிக்குட நீர் எவ்வளவு, பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு என்று கேட்டு, ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அம்மா