தவறவிட்ட நான்கு நாட்களையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். புதிய ஆராய்ச்சிகளைத் தெளிவாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால், பயிற்சி மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளிடமிருந்து பாடம் கற்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் பாடம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதை, மருத்துவ வார்டுகளிலேயே பணிக்காலத்தைக் கழித்த செவிலியர் என்ற முறையில் நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மார்கழியில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. முந்திரித் தோப்பில் சருகு கூட்டுவதும் சுள்ளி பொறுக்குவதும் வேலை. ஊரிலேயே விடால் பரிசோதனை செய்து, டைபாய்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் வந்த பிறகு பிளேட்லெட் இறங்கியது. உடனே டெங்குவாக இருக்கும் என்று பேச்சு மாறியது. இடையில் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசி வேளை தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. உண்ணிக் காய்ச்சல் கிருமியை அந்த ஊசி ஒன்றும் செய்யாது. நான்காம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. கண்ணும் மஞ்சளித்துவிட்டது.

அன்று பிற்பகல், சூடு தணிய ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடலாம் என்று திரையை இழுத்துக்கொண்டு போனேன். பாவாடை நாடா கட்டும் இடத்தில், இடது இடுப்பு மடிப்புக்குள், பீடியால் சுட்டது போல் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். விளிம்பு மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. அதே பக்கத்துத் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. "இது எப்போதிலிருந்து இருக்கிறது அம்மா?" என்று கேட்டேன். "நாடா உரசிய புண்தானே, சிஸ்டர். வலிக்கவே இல்லை. இந்த இடத்தைப் போய் யாரிடம் காட்டுவது?" என்றார்.

பணியில் இருந்த பயிற்சி மருத்துவரை அழைத்துக் காட்டினேன். கெட்டிக்காரப் பிள்ளை, உண்ணிக் குஞ்சு கடித்த தடம், இது உண்ணிக் காய்ச்சல் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். அதற்குரிய மருந்தான டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் கேஸ், மருத்துவர்கள் கூட்டத்தில் பாடமாக வைக்கப்பட்டது. மார்பு எக்ஸ்ரே வந்தது. கல்லீரல் நொதிகளின் எண்கள் வந்தன. கிருமியின் முழுப் பெயரைக் கேட்டார்கள். பளிச்சென்று பதில் வந்தது. பொருக்கைப் பற்றி மட்டும் "உடல் பரிசோதனையில் காணப்பட்டது" என்று ஒரு வரி. எத்தனையாவது நாள் காணப்பட்டது, அதுவரை ஏன் காணப்படவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்டது யார் என்றும் கேட்கவில்லை. பெயர் வாங்குவதற்காக இதை எழுதவில்லை. அன்று கொஞ்சம் உறுத்தியது என்பதை மறைக்கவும் இல்லை.

நோய் பிடிபட்ட நாளிலிருந்து கதையைத் தொடங்கினால் மாணவர்களுக்கு மிஞ்சுவது நோயின் பெயர்தான். அதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். அவர்கள் கற்க வேண்டியதெல்லாம் அதற்கு முந்தைய நான்கு நாட்களில் கிடந்தது. பெண் நோயாளி, ஆண் மருத்துவர், கட்டிலைச் சுற்றி ஊர்க்காரர்கள், வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு திரை, அதிலும் ஒரு சக்கரம் உடைந்தது. இந்த நிலையில் ஸ்டெதாஸ்கோப்பைப் புடவைக்கு மேலேயே வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வதுதான் நடக்கும். கண்ணுக்கே தெரியாத அந்த உண்ணிக் குஞ்சு கடிப்பதோ அக்குள், மார்பின் அடி, தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை என்பதும், கறுத்த தோலில் சட்டென்று தெரியாது என்பதும் உண்மைதான். அதற்காகப் பார்க்காமலே இருந்துவிட முடியுமா?

தாங்கள் எழுதிய 2023-ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்கு வருகிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று, நாட்டின் ஏழு மையங்களில் செய்தது. தீவிர உண்ணிக் காய்ச்சல் கண்ட சுமார் 800 பேரில் ஒரு பிரிவினருக்கு டாக்சிசைக்ளின், ஒரு பிரிவினருக்கு அசித்ரோமைசின், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். உயிரிழப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானவர்கள், இரண்டும் பெற்ற பிரிவில் 33 சதவீதம். மற்றவற்றில் 47, 48 சதவீதம். நல்ல முன்னேற்றம். ஆனால் உயிரிழப்பை மட்டும் தனியே பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தங்கள் கட்டுரையில் இது விடுபட்டிருந்தது. வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த 800 பேரும் நுரையீரலோ கல்லீரலோ சிறுநீரகமோ மூளையோ பாதிக்கப்பட்ட பிறகு வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் சட்டையைக் கழற்றாமல் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவர்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2025-இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமி தொற்றுவதாகச் சொல்கிறது. பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லையாம். வருகிறவர்களை அடையாளம் காண்பதுதான் வேலை. ஜிப்மரிலும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளில் பலர் நாளை பாகூர், விருத்தாசலம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தனியாக உட்காரப் போகிறவர்கள். பரிசோதனைக் கூடத்தின் முடிவு வரும்வரை அவர்களுக்குத் துணை சொந்தக் கண்ணும் கையும்தான்.

இன்னொன்று. இப்போது பொருக்கைக் கண்டவுடன் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். பாடத்துக்குப் படம் தேவைதான். இடுப்பைக் காட்டவே கூசிய அந்தப் பெண்ணிடம் கேட்காமல் ஒருவர் படம் எடுக்க வந்தபோது நான் தடுத்தேன். கேட்ட பிறகு, "முகம் தெரியாமல் எடுத்துக்கொள்ளுங்கள், நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்னார்.

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: கேஸ் கூட்டத்தில் நோயாளி வந்த முதல் நாளிலிருந்து சொல்லச் சொல்லுங்கள், யார் எதை நினைத்தார், எதைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து. அந்த வார்டின் செவிலியரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை இன்னும் சிறியது. பெண் நோயாளிகளைப் பரிசோதிக்கும் ஒவ்வோர் அறையிலும் ஒரு திரையும், உடன் நிற்க ஒரு செவிலியரும் வேண்டும். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது இந்தக் காய்ச்சல் நம் பகுதியில் அதிகமாகும். அதற்குள் திரையையாவது வாங்கி மாட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்