கல்யாணத்துக்கு வராத காரணம்

தக்கலை,
ஆவணி கடைசி.

அன்பு சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதில் நீ கோபப்படாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ‘பிள்ளைக்குக் கல்யாணம் மக்கா, தக்கலையிலிருந்து நாகர்கோவில் என்ன தூரமா, நீ வரல்லியே’ என்று ஒரே வரி. அப்புறம் மாப்பிள்ளையின் வேலை, கோயம்புத்தூர் வெயில், உன் மூட்டுவலி என்று போய்விட்டாய்.

வயிறு சரியில்லை என்று போனில் சொன்னேன். அது பாதிதான் உண்மை. அன்றைக்கு வலியே இல்லை. குளித்து, வேட்டி கட்டி, மொய்க்கவரில் பெயர்கூட எழுதிவிட்டேன். செருப்பு மாட்டும்போது பந்தி ஞாபகம் வந்தது. அப்படியே திண்ணையில் உட்கார்ந்தவன்தான். செல்வி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள், பிறகு கவரை வாங்கிக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள்.

நம் ஊர்ப் பந்தி உனக்குத் தெரியாததா? பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, கடைசியில் போளியைப் பிய்த்துப் போட்டுப் பால் பாயசம். எதை ஒதுக்கினாலும் பக்கத்து இலைக்காரர் ஏன் என்று கேட்பார். எனக்குக் கணையத்தில் நாள்பட்ட அழற்சி என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம்: ‘கணையமா? அது தண்ணி போடுறவனுக்குல்லா வரும்?’ ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்றால் ஒரு சிரிப்பு வரும் பார், அதற்கு வலியே தேவலை. என் மாமனாரே கல்யாணமான புதிதில் கடையின் பின்னறையில் பாட்டில் தேடியவர். சரி, போய்ச் சேர்ந்துவிட்டார், விடு.

குடியும் புகையும் பெரிய காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்திலும் கேரளத்திலும் குடியையே அறியாத சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு வகை உண்டு. கணையக் குழாய்க்குள் சுண்ணாம்புக் கல் கட்டிக்கொள்ளும். கேரளத்து டாக்டர் கீவர்கீஸ் அந்தக் காலத்திலேயே இதைச் சுருக்கமாக எழுதி வைத்தார்: பிள்ளைப் பருவத்தில் வலி, வயசுக்கு வரும்போது சர்க்கரை, வாலிபத்தில் சாவு. முன்பெல்லாம் மரச்சீனிக் கிழங்கின் மேல் பழி போட்டார்கள். கிழங்கைத் தொடாதவர்களுக்கும் வருகிறது என்று தெரிந்த பிறகு, பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறையும் சேர்த்துப் பேசுகிறார்கள். மரச்சீனி சும்மா கெட்ட பேர் வாங்கியிருக்கலாம், பாவம். எனக்கு 19 வயதில் வலி, 34ல் சர்க்கரை. மூன்றாவது, சிகிச்சை இல்லாத காலத்துக் கணக்கு என்கிறார் டாக்டர். இருக்கட்டும். படித்த வரி மண்டையை விட்டுப் போகவேண்டாமா?

இன்னொன்றும் சொல்கிறேன், உன்னிடம் என்ன வெட்கம். கணைய நீர் சரியாகச் சுரக்காவிட்டால் தின்ற நெய் செரிக்காமல் அப்படியே வெளியே வரும். கக்கூஸில் எண்ணெய்ப் படலமாக மிதக்கும். எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது, நாற்றம் வேறு. மண்டபத்தில் வெளியே நாலு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே வாளியோடு நிற்பவனை நினைத்துப் பார். இதற்கு என்சைம் கேப்ஸ்யூல் இருக்கிறது. எட்டு வருஷமாக அதைச் சாப்பாடு முடிந்த பிறகு சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன். முதல் வாய்ச் சோற்றோடு விழுங்கினால்தானே சோற்றோடு கலக்கும்? எழுதிக்கொடுத்த எவரும் அதைச் சொல்லவில்லை. இந்த வருஷம்தான் தெரிந்தது. இப்போது 4 கிலோ ஏறியிருக்கிறேன்.

போன வருஷம் வெளியிலிருந்து அதிர்வு கொடுத்துக் கல்லை உடைத்து, எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்தார்கள். வலி முக்கால்வாசி போயிற்று. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் ஒன்றுமே தோன்றவில்லை. கடையை 11 மணிக்குத் திறப்பேன். அரை இஞ்ச் பைப் எல்போ கேட்டு வருபவனிடம் ‘இல்லை’ என்பேன். பின்னால் மூன்றாவது தட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். எழுந்துபோய் எடுக்க மனசு வராது. வலியாவது இருந்தால் அதைக் காட்டலாம். இதை எங்கே என்று காட்டுவது?

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மா ஒருநாள் ஒரு தாளை நீட்டினார். கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்று 9 கேள்வி, மொத்தம் 27 மார்க். தூக்கம் இல்லை, பசி இல்லை, அசதி, இதெல்லாம் கணையத்தின் கணக்கில் எழுதலாம். ஆனால் முதல் கேள்வியே எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா என்பது. அதைக் கணையத்தின் தலையில் கட்ட முடியவில்லை. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்பது. பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ‘சில நாட்கள்’ என்பதில் டிக் போட்டேன். அவர் பதறவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, என்ன நினைப்பு, எந்த நேரத்தில் வரும் என்று நிதானமாகக் கேட்டார். 28 வருஷத்தில் ‘வலி எப்படி இருக்கு’ என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மொத்தம் 16 வந்தது. 10 வந்தாலே கவனிக்க வேண்டுமாம்.

வலி குறைந்த பிறகும் ஏன் இப்படி என்று கேட்டேன். நெதர்லாந்தில் நாள்பட்ட கணைய அழற்சிக்காரர்கள் 88 பேரை வைத்து நடத்தி 2020ல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொன்னார். முதலிலேயே ஆபரேஷன் செய்தவர்களுக்கு, மருந்தும் எண்டோஸ்கோப்பியும் என்று தொடங்கியவர்களைவிட வலி குறைந்திருந்தது. ஆனால் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளந்தபோது இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைக் கேட்டதும், எனக்குக் கோட்டிதான் பிடித்துவிட்டதோ என்ற பயம் போயிற்று. அவரே மனநல மருத்துவரிடம் அனுப்பினார். டுலாக்சிடின் என்ற மருந்து எழுதியிருக்கிறார்கள், மனசுக்கும் நரம்பு வலிக்கும் சேர்த்துக் கேட்குமாம். முதல் வாரம் குமட்டல், மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை, நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். இப்போது ஏழாவது வாரம். ஒன்பதாவது கேள்விக்கு இப்போது ‘இல்லை’தான், நீ பயப்படாதே. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை, அதுதான் அரசாங்கத்தின் மனநல உதவி எண், போனில் போட்டு வைத்திருக்கிறேன், நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காலை நேரம் இன்னும் மோசம்தான். ஆனால் போன வியாழன் ஒருவர் எல்போ கேட்டார், எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தேன். செல்வி கல்லாவில் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு நோட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தாள்.

புரட்டாசியில் ஊருக்கு வரும்போது பிள்ளையையும் மாப்பிள்ளையையும் ஒரு வேளை இங்கே கூட்டிக்கொண்டு வா. மைனியிடம் முன்னாலேயே சொல்லிவிடு, என் இலைக்கு இடியாப்பமும் பயறும்தான், ஏன் என்று கேட்கக் கூடாது. கல்யாண ஆல்பத்தை மறக்காதே. பந்திப் போட்டோக்களையும் பார்க்க வேண்டும்.

உன்
மணி