ராணிக்கு, வெள்ளவத்தையில இருந்து

எடியே ராணி,

உன்ர மெசேஜ் வந்து மூண்டு நாளாச்சு, கோவிக்காத, இங்க ஒவ்வொரு பின்னேரமும் மழை, மொட்டை மாடிக்கு ஓடி உடுப்பு எடுக்கிறதிலயே பொழுது போகுது. உது வட்ஸ்அப்பில நாலு வரியில முடியிற கதையுமில்லை.

மகன் வாங்கித் தந்த, துப்பலை அனுப்பி ஜீனைப் பாக்கிற ரெஸ்ற்றில, ஏபிஓஈ எண்ட ஜீனில (அதில ஈ2, ஈ3, ஈ4 எண்டு மூண்டு வகை, அம்மாட்டை இருந்து ஒண்டும் அப்பாட்டை இருந்து ஒண்டும் வரும்) ஈ4 ஒண்டு இருக்கெண்டு வந்ததாம், அண்டையில இருந்து திறப்பைக் காணேல்லை எண்டாலும் "எனக்கு அல்சைமர் மறதி வருத்தம் தொடங்கீட்டுது" எண்டு அழுறியாம். நல்ல பரிசு தந்தான் போ.

முப்பது வருஷம் விலங்கியல் படிப்பிச்ச நானே இதை இருந்து வாசிக்க வேண்டிக் கிடந்தது. ஈ4க்கும் அல்சைமருக்கும் தொடுப்பிருக்கு எண்டு 1993இல அமெரிக்காவில டியூக் பல்கலைக்கழகத்து ஆக்கள் கண்டுபிடிச்சவை, அது பொய்யில்லை, ஒண்டு இருந்தா அபாயம் கூடத்தான். ஆனா ஒண்டை வைச்சுக்கொண்டு எண்பது தொண்ணூறு மட்டும் வருத்தம் வராமலே இருந்த ஆக்கள் கனபேர். வருத்தமில்லாத கிழவன் கிழவியளின்ர ஞாபகத்தை ஈ4 என்ன செய்யுது எண்டது வேற கேள்வி, நீ ரெண்டையும் போட்டுக் குழப்பிறாய்.

ஸ்கொட்லாந்தில 1932 ஜூன் முதலாம் திகதி, 1921இல பிறந்த பிள்ளையளுக்கெல்லாம் ஒரே நாளில புத்திக்கூர்மைச் சோதினை வைச்சவை, எங்கட ஸ்கொலர்ஷிப் சோதினை மாதிரி எண்டு வை, 87,000க்கு மேல பிள்ளையள். எழுபது வருஷத்தால இயன் டியரி எண்டவரும் கூட்டாளியளும் அதில கொஞ்சப் பேரைத் தேடிப் பிடிச்சு, எண்பது வயசில, அதே சோதினையைத் திரும்ப எழுத விட்டு ஜீனையும் பாத்தவை. 11 வயசில ஈ4 இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் வித்தியாசமே இல்லை. எண்பதில ஈ4காரர் கொஞ்சம் பின்னுக்கு. கொஞ்சம்தானடி! அதுவும் சராசரியில. தனி ஆளை எடுத்தா உன்னை விட நான் மறதிக்காரியா இருக்கலாம்.

ஞாபகத்திலயும் ஈ4 கூடத் தொடுறது, இப்ப சொன்ன சொல்லுகளை அரைமணித்தியாலத்தால திருப்பிச் சொல்லு எண்டுற மாதிரி விஷயத்தைத்தானாம், சொல்வளம் பொது அறிவு எல்லாம் பெரிசா அசையாது. அந்தச் சின்ன வித்தியாசத்திலயும் ஒரு பங்கு, வெளியில தெரியாம வருத்தம் தொடங்கின ஆக்களால வந்திருக்கலாம். சுவீடனில எண்பது தாண்டின இரட்டையரைப் பாத்து 1997இல சொன்னவை, ஆளுக்காள் இருக்கிற ஞாபக வித்தியாசத்தில பாதியளவு பரம்பரையால எண்டு. அந்தப் பாதி ஒரு ஜீனில இல்லை, எத்தினையோ ஜீனில துளித்துளியாக் கிடக்கு.

எங்கட சின்னம்மாவைப் பார், 86. கண்ணாடியைத் தலையில வைச்சுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவா. ஆனா 1983 கலவரத்தில கப்பலில காங்கேசன்துறைக்குப் போகேக்க பக்கத்தில இருந்தது ஆர், ஆற்ற பிள்ளை சத்தி எடுத்தது, பாணோட என்ன கறி தந்தவை, எல்லாம் நேற்று மாதிரிச் சொல்லுவா. டொக்டர் சோதிச்சுப்போட்டு வயசுக்கு நல்லா இருக்கிறா எண்டவர். அவவுக்கு ஈ2வோ ஈ4வோ, ஆருக்குத் தெரியும்.

டிஎன்ஏயின்ர வடிவம் கண்டவையில ஒருத்தரான ஜேம்ஸ் வாட்சனே, 2007இல தன்ர மரபணுவை முழுக்க வெளியில விடேக்க உந்த ஒரு ஜீனை மட்டும் மறைக்கச் சொன்னவர், தனக்கே தெரிய வேண்டாமெண்டு. நானும் துப்ப மாட்டன். உனக்கோ தெரிஞ்சு போச்சு, இனி நடக்கப் போ. பின்லாந்தில 60இல இருந்து 77 வயசு ஆக்கள் 1,260 பேரை ரெண்டு வருஷம் வைச்சுப் பாத்தவை, சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் கவனிப்பு எல்லாம் சேத்துச் செய்த பகுதிக்கு ஓரளவு உதவினது, ஈ4காரருக்கும்தான். நான் விடிய மரைன் டிரைவில தெகிவளைப் பக்கமா நடந்து போட்டு வாறன், கால்தான் நோகுது.

ஆடிவேலுக்கு வாறதெண்டனி, டிக்கெட் போட்டிட்டியோ? வரேக்க எனக்கு அந்த முழங்கால் நோவுக்குப் பூசிற கிறீம் ரெண்டு கொண்டு வா. போன கிழமையும் சொன்னனானோ தெரியேல்லை.

உன்ர,
சாந்தி