நூர்மார்க்காக் காட்டு நடைக்கு உடுப்பு

ஒஸ்லோ, மார்கழி

அன்புள்ள தம்பி,

நுவரெலியாவுக்குப் போட்ட தடித்த ஸ்வெட்டர் காணும் என்று எழுதியிருந்தாய். காணாது. மாசியில், ஒஸ்லோவுக்கு வடக்கே இருக்கும் நூர்மார்க்காக் காட்டில் மைனஸ் 10 பாகை என்பது அதிசயமில்லை. அதற்காக ஐந்தாறு உடுப்பைத் திணித்துக்கொண்டு வந்துவிடாதே. இங்கே நடப்பவனைக் கெடுப்பது குளிரைவிட வேர்வைதான்.

1ஆம் இலக்க மெட்ரோவின் கடைசித் தரிப்பிடம் புரொக்னர்சேத்தரன். அங்கிருந்து உல்லவோல்சேத்தர் வழியாகச் சொங்ஸ்வான் ஏரிக்கு இறங்கலாம். ஏற்றம் ஏறினால் எந்தக் குளிரிலும் முதுகு வேர்க்கும். பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நின்ற சில நிமிடத்திலேயே நடுக்கம் பிடித்துவிடும். ஆகவே பருத்திப் பெனியனும் ஜீன்ஸும் வேண்டாம். உள்ளாடைகூடப் பருத்தியில் வேண்டாம்.

தோலோடு ஒட்டி மெல்லிய மெரினோக் கம்பளி மேலும் கீழும். சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையுள்ளது போதும். நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், மணக்காது. அதன்மேல் ஒரு ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி) அல்லது கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெற். கக்கத்தில் திறந்து காற்று விட சிப் இருந்தால் நல்லது. மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 20 போலத்தான்.

புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் கூடுதலாகப் போட்டிருக்கிறாய். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகும்; அப்போதும் வேர்வை வருமுன்னே ஒன்றைக் கழற்று, வந்தபின் அல்ல. இறகு அடைத்த தடித்த ஜாக்கெற்றை முதுகுப் பையில் வைத்துக்கொள். நின்றவுடன், சூடு இறங்குமுன், எல்லாவற்றுக்கும் மேல் போடு. போட்டபடி ஏறினால் இறகு வேர்வையில் நனைந்து கட்டிபட்டுவிடும், பிறகு அதனால் பயனில்லை. இருக்கச் சின்ன நுரைத் தட்டு ஒன்றும் வேண்டும். பனியில் நேரே குந்தினால் சூடெல்லாம் கீழே போய்விடும்.

விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறையே சூடு. உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை போட்டால் சிப் இழுக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் வெறுங்கை வேண்டாம். தொப்பி காதை மூட வேண்டும். மூக்கு நுனியோ கன்னமோ வெளுத்து மரத்தால் வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சூடாக்கு. தேய்க்காதே, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம், தோல் கிழியும்.

தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வை. மேற்பக்கம்தான் முதலில் உறையும், மூடி திறபடாது. கைபேசி உள் பொக்கற்றில் இருக்கட்டும், குளிரில் பற்றரி இறங்கிவிடும். பாதையில் பனிச்சறுக்குப் போகிறவர்களுக்கு வெட்டிய இரட்டைத் தடம் இருக்கும். அதில் கால் வைக்காமல் ஓரமாக நட.

இனிச் சப்பாத்து. கால் குளிர்ந்தால் பலர் இரண்டு தடித்த மேஸ் போடுவார்கள். சப்பாத்து இறுகி இரத்தம் ஓடாது, விரல் இன்னும் விறைக்கும். ஒரு தடித்த கம்பளி மேஸ், விரல் அசைய இடம், அவ்வளவுதான் வேண்டும்.

அங்கே ஒன்றும் வாங்காதே, இங்கே எடுத்து வைக்கிறேன். பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது வெறுங்காலோடு காகிதத்தில் நின்று இரண்டு பாதத்தையும் கோடு போட்டு அனுப்பு. அதோடு நெஞ்சளவும் இடுப்பளவும் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணா